சாம்பல் போலீஸ் வில்மா

பல்லராட் ஊரில் வில்மா ட்ரெம்பத் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘சாம்பல் போலீஸ்’ என்றால் குழந்தைக்கும் தெரியும். மார்ச் மாதப் பிகோனியாப் பூக் கண்காட்சியில் வாசலை மறித்துப் பூதக்கண்ணாடியும் கையுமாக நிற்பாள். தண்டில் அழுகல், இலையடியில் பூச்சி, மேலே மாவு தூவினாற்போல் சாம்பல் நோய், எது கண்ணில் பட்டாலும் தொட்டி உள்ளே போகாது. ஒரு சீக்குச் செடி உள்ளே போனால் போதுமே, கூடம் முழுக்கப் பரவிவிடும்! திட்டி முடித்ததும் மருந்தும் அவளே சொல்வாள்.

"ஒரு பங்கு பாலுக்கு ஒம்பது பங்கு தண்ணி. காலை வெயில்ல தெளி. செடிய நெருக்கி வைக்காத, காத்து போகட்டும்."

இந்த வருஷம் அவளே ஒரு தொட்டி கொண்டுவந்தாள். தன் கையால் மகரந்தம் தடவி, விதை போட்டு எடுத்த செடி. வெள்ளைப் பூ, ஓரமெல்லாம் ஆரஞ்சு, சாப்பாட்டுத் தட்டு அகலம். கண்காட்சி மேசை ஏறினால்தான் புதுப் பூவுக்குப் பேர் வைக்கலாம் என்பது கண்காட்சி நடத்தும் சங்கத்து வழக்கம். எத்தனையோ வருஷம் விதைத்துத் தோற்றவளுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற நெவில், போன வருஷம் அவளிடம் சிக்கி வாசலோடு திரும்பியவன், பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டான். "உனக்கு மட்டும் தனிச் சட்டமா? காட்டு."

அடி இலையில் பொட்டளவு வெள்ளை. நெவிலின் சிரிப்பு நின்றுவிட்டது. "தொடைச்சிடு. நான் எதையும் பாக்கல."

"வாய மூடுய்யா! தொடைச்சிட்டா மட்டும் மத்த செடிக்கு ஒட்டாதா?" என்றவள், எல்லாருக்கும் போடும் அதே அதட்டலைப் போட்டாள். "வெளியே!"

தொட்டியோடு தானே வெளியேறி, புல்வெளியில் உட்கார்ந்து அழுதாள். பாவம், நன்றாகவே அழுதாள்.

நெவில் கிண்ணத்தில் தண்ணீரோடு வந்தான். "சீக்கு இலைக்குத்தானே? பூவ வெட்டி மிதக்க விடு. வெட்டுன பூவுக்கும் கண்காட்சியில தனி மேசை இருக்கே."

"அதுவா? செடி வளக்கத் தெரியாதவங்க மேசை!"

"நீதான சொல்லிட்டுத் திரிஞ்ச? இப்ப வெட்டு, மகாராணி."

கண்ணாடியை வைத்து இதழ் இதழாகப் பார்த்தார்கள். ஒரு மாசு இல்லை. வில்மா கத்தியை எடுத்தாள்.

மேசையில் பூ மிதந்ததும் சங்கச் செயலாளர் பேனாவோடு வந்து பேர் கேட்டார். வில்மா யோசிக்கவேயில்லை. "நெவிலின் வாய்."

"அடிப்பாவி!"

"இவ்வளவு அகலமா ஊர்ல வேற எது தெறந்திருக்கு?"

கூடமே சிரித்தது. சாயங்காலம் கதவு சாத்தும்வரை நெவில் அந்தக் கிண்ணத்தை விட்டு நகரவில்லை, வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்: "அந்த நெவில் நான்தாங்க."