பதினொன்று குதிக்கும்

நாய்க் காப்பகத்தில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும். தெருவில் ஒரு குட்டி எதிரே வந்தால்கூட அடுத்த சாரிக்குத் தாவிவிடுகிறவள் நான். பயந்தாங்கொள்ளி என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வராது. உண்மைதானே.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் தெருவில் ஒருவரை நாய் கடித்தது. சின்னக் கடி, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மூன்று மாதம் கழித்து அவரை ஒரு அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பெரியவர்கள் துரத்தத் துரத்த நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் மனைவி டம்ளரை வாயருகே கொண்டுபோனார். தண்ணீரைப் பார்த்ததும் அவர் கழுத்து நரம்பெல்லாம் இழுத்துக்கொண்டது. இரண்டாம் நாள் அவர் இறந்துபோனார். அந்த டம்ளர் இன்றைக்கும் என் கனவில் வரும்.

நாய்களைத் தொட வேண்டியதில்லை, சமையற்கட்டுக்குக் கம்பிக் கதவு உண்டு, அரிசியும் கோழிக் கழிவும் வேகவைத்துக் கொடுத்தால் போதும் என்று காப்பகத்து டாக்டரம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் சேர்ந்தேன். மரக்காணத்திலிருந்து தினமும் காலை பஸ். போய் இறங்கியதும் அடுப்பைப் பற்றவைப்பேன், கம்பிக் கதவைத் தாழ் போடுவேன்.

அந்தக் கம்பிக் கதவின் மேல்தான் பதினொன்று வந்து குதிக்கும். பதினோராம் கூண்டில் இருந்ததால் எல்லோரும் அதை அப்படியே கூப்பிட்டோம். செம்பட்டை நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கிக் கிடக்கும். வெளியே விட்ட மறு நிமிஷம் என் கதவில் ‘தடால்’ என்று விழும். கையிலிருக்கிற கரண்டி கீழே போய்விடும். “போய்த் தொலை சனியனே” என்று திட்டுவேன். திட்டினால் அதற்கு இன்னும் குஷி. சோறு தின்ற அலுமினியத் தட்டைக் கவ்விக்கொண்டு போய் சிமெண்டுத் தரையில் போட்டு, அந்தச் சத்தத்துக்குத் தானே ஒரு துள்ளுத் துள்ளும். மறுபடி கவ்வும், மறுபடி போடும். காது கிழியும்.

இரண்டு வீடுகள் அதை எடுத்துக்கொண்டு போய், இரண்டு வீடுகளும் திருப்பி அனுப்பிவிட்டன. ஒரு வீட்டில் கொடியில் காய்ந்த துணியையெல்லாம் இழுத்துப்போட்டது. இன்னொரு வீட்டில் பெரியவர் மேல் பாய்ந்து அவரை உட்காரவைத்துவிட்டது. அமைதியான நாய் வேண்டும் என்றுதான் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு வருஷமாகியும் பதினொன்று பதினோராம் கூண்டிலேயே கிடந்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் வீட்டுக்காரர் ஒரு உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் போடுகிறவர். அங்கே ஒயர் திருட்டு அதிகமாகி, ஷெட்டுக்கு ஒரு நாய் இருந்தால் தேவலை என்று உப்பள முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். ஒரு மாதம் வைத்துப் பார்க்கட்டும், சரிப்பட்டால் அதுவே அதன் வீடு என்று பேச்சு. நல்ல தண்ணீர் எப்போதும் வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார். நான் வீட்டுக்காரரிடம் நான்கு தடவை சொன்னேன். பதினொன்றின் அலுமினியத் தட்டையும் கூடவே கொடுத்தனுப்பினார்கள்.

உப்பளம் அதற்குச் சொர்க்கமாகிவிட்டது. வரப்பு வரப்பாக ஓடியது. பாத்திக்குள் இறங்கினால் உப்பு கலங்கிவிடும், ஆட்கள் கத்துவார்கள் என்பதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டது. மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் இது வந்து கால்களை நக்கும். உப்பளத்துக் கால் எப்படியிருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குதிகால் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு. பெண்கள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டு சிரிப்பார்கள். மேஸ்திரி மட்டும் வேட்டியை ஏற்றிவிட்டு இரண்டு காலையும் நீட்டுவார். “வாப்பா டாக்டரு, நல்லா மருந்து போடு” என்பார். அதுவும் விரல் விரலாக மருந்து போடும்.

எனக்கு அதைப் பார்க்கவே குலை நடுங்கும். ஊசியெல்லாம் போட்ட நாய்தான், அட்டையில் தேதியோடு எழுதியிருக்கிறது. இருந்தாலும் வெடிப்புக் காலில் நாயின் எச்சில் ஆயிற்றே.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு லீவு. வீட்டுக்காரருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் உப்பளத்துக்குப் போனேன். மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்க அவர் கடைக்குப் போயிருந்தார். தூரத்திலேயே கூட்டம் தெரிந்தது. ஆட்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். உப்பு வாரும் பலகைகள் தலைக்கு மேலே இருந்தன.

நடுவில் பதினொன்று. நான்கு காலும் நான்கு பக்கம் போயின. தலை ஒரு பக்கமாக வெட்டிவெட்டி இழுத்தது. வாயில் நுரை.

“கிட்ட வராதம்மா. வெறி புடிச்சிருக்குது” என்றார் மேஸ்திரி. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. “தள்ளாடிக்கினே என்னாண்ட வந்துச்சி. கடிக்க வருதுன்னு ஒண்ணு போட்டுட்டேன். இத்தனை நாளா எல்லாரும் காலை நீட்டினோமே, இன்னா பண்ணப் போறோம்?”

அது கடிக்கவா போயிருக்கும்? உடம்பு முடியாமல், தனக்குத் தெரிந்த ஆளைத் தேடிப் போயிருக்கிறது. இது எனக்கு இப்போது தெரிகிறது. அந்த நிமிஷம் நானும் ஒன்பது வயதுப் பெண்ணாகத்தான் நின்றேன். ஓடிவிடலாமா என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். அப்போதுதான் அந்த அலுமினியத் தட்டு கண்ணில் பட்டது. ஷெட்டு வாசலிலிருந்து முப்பதடி தள்ளி, வரப்பின் மேல் குப்புறக் கிடந்தது. என் வீட்டுக்காரர் தண்ணீரை அதில்தான் ஊற்றிவைத்திருக்கிறார், புத்திசாலி. அது தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தட்டை விளையாட எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த வெயிலில் ஓடியாடித் தாகம் எடுத்தால் சுற்றிலும் என்ன இருக்கிறது? உப்பு இறங்கத் தயாராக நிற்கிற பாத்தித் தண்ணீர்தான். கடல் தண்ணீரைவிடப் பல மடங்கு கெட்டி.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, பார்த்ததைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன். “உப்புத் தண்ணி குடிச்சிருக்கும்மா, வெறி இல்ல. வண்டி அனுப்புறேன், ஒரு மணி நேரமாயிடும். நல்ல தண்ணி குடுங்க. கிண்ணத்துல வைக்காதீங்க, மடமடன்னு குடிச்சா மூளை வீங்கிடும். கொஞ்சம் கொஞ்சமா, கையில ஊத்திக் குடுங்க” என்றார்.

“அவங்க அப்டித்தான் சொல்வாங்க. கால நக்க வுட்டது நாங்கதானே” என்றாள் ஒரு பெண். அவளுக்குக் கைக்குழந்தை உண்டு. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மேஸ்திரி பலகையை இறக்கவில்லை. “வெறி இல்லேன்னா தண்ணி குடிக்கும். குடிச்சிட்டா வுட்டுடறேன். குடிக்கலேன்னா நீ குறுக்க நிக்கக் கூடாது” என்றார்.

கையில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். யாருடைய கையில்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வலது உள்ளங்கையில் முந்தின நாள் பூசணி நறுக்கும்போது பட்ட வெட்டு இன்னும் ஆறவில்லை. இடது கையை நீட்டினேன். அதிலும் விரலிடுக்கில் வெடிப்பு. ஒரு வருஷம் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று அந்த நாயை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை நான். ஊசி போட்ட நாய் என்று அறிவு சொல்கிறது, டம்ளரைப் பார்த்து இழுத்துக்கொண்ட கழுத்துதான் கண்ணில் நிற்கிறது. புடவையிலேயே போய்விடுமோ என்று இருந்தது. தைரியமாகப் போனேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆட்களுக்கு வைத்திருந்த குடிதண்ணீர்க் கேனிலிருந்து ஒரு கை தண்ணீர் பிடித்துக்கொண்டு மண்டியிட்டேன். நான் கையை நீட்டியதும் அது பின்வாங்கியது. அடி வாங்கியது அல்லவா. வா, வா சனியனே, என்று கெஞ்சினேன். மூக்கு என் கையில் பட்டது. நாக்கு பட்டது. குடித்த தண்ணீர் அத்தனையும் நுரையோடு வெளியே வந்துவிட்டது.

“பாத்தியா” என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது.

“வாந்திங்க. வாந்தி எடுத்துச்சி, அவ்ளோதான்” என்றேன். அது எனக்கே சொல்லிக்கொண்டதுதான். இரண்டாவது கை. அது என் விரலுக்கு நடுவே நாக்கை விட்டு நக்கியது. நான் அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. மூன்றாவது கை. மறுபடி ஏறி இறங்கியது. இன்னும் வேண்டும் என்று என் மணிக்கட்டைப் பிடித்து நக்கியது. கொடுக்கக் கூடாது, பொறுக்க வேண்டும். அது கெஞ்ச, நான் பொறுக்க, அந்த ஒரு மணி நேரம் போன விதம் எனக்கு மட்டும்தான் தெரியும். எப்போது என்று கவனிக்கவில்லை, மேஸ்திரி பலகையைக் கீழே வைத்திருந்தார். வண்டி வந்தபோது அதைத் தூக்கி ஏற்றியவர்களில் அவரும் ஒருவர். அவர் கை பட்டதும் அது ஒரு சத்தம் போட்டது. அவர் கையை எடுத்துவிட்டார்.

மறுநாள் காலை மொத்த உப்பளமும் ஆஸ்பத்திரியில் ஊசிக்கு வரிசையில் நின்றது. மேஸ்திரி முதல் ஆள். நான் மூன்றாவது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். முதலாளி போனில் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: “நாய் வேணாம்மா. ஆளுங்க வேலைக்கு வர மாட்டாங்க.”

நான்கு நாள் ஊசி, மருந்து என்று கிடந்து பதினொன்று பிழைத்துக்கொண்டது. பழைய கூண்டுக்கே வந்தது. கதவைத் திறந்துவிட்டால் வெளியே வரவில்லை. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாராவது துடைப்பத்தைத் தூக்கினால் கண்ணை மூடிக்கொண்டது. என் கம்பிக் கதவில் சத்தமே இல்லை. நான் தாழ் போடுவதை விட்டுவிட்டேன். அப்படியும் அது வரவில்லை. “நல்ல புள்ளையாயிடுச்சி” என்று கூண்டு கழுவுகிறவர் சொன்னபோது எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

ஒரு மாதம் கழித்து பாண்டிச்சேரியிலிருந்து ஒரு அம்மா வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கணவரும் அவருமாக இரண்டே பேர். கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் பதினொன்றின் முன்னால் நின்றார். டாக்டரம்மா உள்ளே ஆபரேஷனில் இருந்ததால் சோற்றுப் பாத்திரத்தோடு நின்ற என்னைக் கேட்டார்.

“இது எப்பவும் இப்படி அமைதியாத்தான் இருக்குமாங்க?”

குதிக்கும் என்று சொன்னால் போய்விடுவார். “ஆமாங்க. எப்பவும் இப்படித்தான். பரம சாது” என்றேன்.

அன்று சாயங்காலமே காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்காரர் உப்பளத்திலிருந்து கொண்டுவந்திருந்த தட்டையும் கொடுத்தனுப்பினேன். கூண்டு காலியானதைப் பார்த்து அழுதேன், அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. இன்றைக்குக் குதித்திருக்கும், நாளைக்குத் திருப்பிக்கொண்டு வருவார்கள். உப்பளத்தையும் சேர்த்தால் நான்காவது தடவை. காப்பக வாசலில் எந்தக் கார் நின்றாலும் கரண்டியோடு ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன்.

பத்தாம் நாள் அந்த அம்மா போன் செய்தார். டாக்டரம்மா ஊரில் இல்லை, நான்தான் எடுத்தேன். அவர் குரல் தயங்கியது. “நாயைப் பத்திப் பேசணும்” என்றார். அவ்வளவுதான், என் வாய் தானாகக் கொட்டிவிட்டது.

“அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். அது சாது இல்லீங்க. குதிக்கும், மேல வந்து விழும், துணி எல்லாம் இழுக்கும். உப்பளத்துல அடி வாங்கி அப்படி ஆயிடுச்சி. தப்பு என் மேலதான். திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்க.”

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“குதிக்குமா?” என்று கேட்டார். “பத்து நாளா கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரலைங்க. சாப்பாடு கூட நாங்க தள்ளிப் போனாத்தான். என்னமோ தீராத வியாதின்னு நெனச்சு நாங்க ரெண்டு பேரும் அழுதுட்டிருக்கோம். நெசமா குதிக்குமா?”

“நல்லா குதிக்குங்க.”

“நான் என்ன செய்யணும்?”

எனக்கு என்ன தெரியும், நான் சோறு வடிக்கிறவள். யோசித்துவிட்டு, “அந்த அலுமினியத் தட்டு இருக்குதுங்களா? தரையில போட்டுட்டுத் தள்ளிப் போயிடுங்க” என்றேன்.

போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ‘டங்’ என்று தட்டு விழுந்து, சுற்றி, அடங்கியது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அடுப்பில் உலை கொதித்து வழிந்தது, இறக்கப் போகவில்லை. மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கெட்டது குடி, பயமுறுத்தி இன்னும் உள்ளே தள்ளிவிட்டோம் என்று நினைத்தேன்.

‘டங்.’

“இன்னொரு தடவை போடாதீங்கம்மா, பயந்துக்கும்” என்றேன்.

அந்த அம்மாவின் குரல் தூரத்திலிருந்து, ரகசியம்போல வந்தது. “நான் போடலைங்க.”