மாடிப்படிக்குக் கீழே செருப்புகள்

ஜாக்கெட் தைப்பது சுலபம். தைக்கக் கொடுப்பவர்களை மாடிப்படி ஏறவைப்பதுதான் கஷ்டம். கடை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்து உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் இது புரியும். காலடிச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து உட்காருவோம். அந்தச் சத்தம் வேறு பக்கம் போய்விட்டால் கத்தரிக்கோலை எடுத்து எதையோ வெட்டுவது போல் பாவனை செய்வோம். நான் ஒரு துண்டுத் துணியை அப்படியே வெட்டி வெட்டிக் கைக்குட்டை அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தையல் மட்டும் கன்னியாஸ்திரிகள் மடத்தில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். வெகுகாலம் வீட்டு முன்னறையில்தான் தைத்தேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புது ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் எழும்பியபோது ஊரே போய்ப் பார்த்தது. மொசைக் தரை, இழுத்து மூடுகிற ஷட்டர், வரிசையாக ட்யூப் லைட். பார்த்துவிட்டு வந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கீழே எல்லா அறைக்கும் ஆள் பேசி முடித்திருந்தார்கள். மேலே நாலு அறையும் காலி. அதில் படிக்கு நேராக இருந்த அறையை நான் பிடித்தேன்.

சாவியைக் கையில் கொடுக்கும்போது காம்ப்ளக்ஸ் முதலாளி ஒரு வார்த்தை சொன்னார். மாசியில் புதுப்புளி வரும்வரை பார்ப்பாராம். அதற்குள் மேலே மற்ற மூன்று அறைக்கும் கடை வராவிட்டால் மாடி முழுவதையும் புளி மண்டிக்குக் குடோனாக விட்டுவிடுவாராம், நான் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அப்போது ஆவணி. அன்றிலிருந்து ரசத்துக்குப் புளி கரைக்கும்போதெல்லாம் மாசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

முதல் வாடிக்கை

கடை திறந்த நாலாம் நாள் நல்லம்பள்ளியிலிருந்து சின்னப்பொண்ணு என்று ஒரு அம்மா வந்தார். வெறுங்காலோடு மெதுவாக, வழுக்கிவிடுமோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறி வந்தார். செருப்பு எங்கே என்று கேட்டேன். கோயில் மாதிரி மினுக்குகிற தரையை எப்படிச் செருப்போடு மிதிப்பது என்று படிக்குக் கீழேயே விட்டுவிட்டாராம்.

முதல் வாடிக்கை என்ற சந்தோஷத்தில் கழுத்து, கை எல்லாம் இரண்டு தடவை அளந்தேன். அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பினேன். கீழே போனவர் அதே வேகத்தில் திரும்பி வந்தார். பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் யாரோ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதில் காலை நுழைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏங்க, ஜாக்கெட்டு அடுத்த வாரம்னு சொன்னீங்க. செருப்பு எப்பங்க கெடைக்கும்?"

போர்டு

இனி ஒரு செருப்பும் தொலையக்கூடாது என்று படிக்குக் கீழே அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினேன்: 'செருப்புடன் மேலே வரலாம்'. மாட்டியும் பயனில்லை. வருகிறவர்கள் அட்டைக்குக் கீழேயே வரிசையாகக் கழற்றி வைத்தார்கள்.

ஒருநாள் கீழே இருந்து ஒரு குரல் கூப்பிட்டது. எட்டிப் பார்த்தேன். வயலில் இருந்து நேராக வந்தது போல் ஒரு அம்மா, கையில் துணிப்பையோடு நின்றிருந்தார். கூட வந்த பெண் அட்டையைப் படித்துச் சொல்லியிருக்கிறாள் போல. அவர் என்னை அண்ணாந்து பார்த்துக் கவலையோடு கேட்டார்: "நான் செருப்பே போடறதில்லீங்க. வரலாமுங்களா?"

சிவப்பு ஜாக்கெட்

கீழே நிற்கிறவர்களுக்கு மேலே கடை இருப்பதே தெரியவில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். லாரி ஷெட்டில் வேலை செய்கிறவர், யோசனை மட்டும் தாராளமாகச் சொல்வார். அதைக் கேட்டு ஒரு சிவப்பு ஜாக்கெட்டை ஹேங்கரில் மாட்டிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தாலே பளிச்சென்று தெரிந்தது. எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை காற்று அடிக்கிறவரைதான். கீழே ஏரியூர் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் தலையில் ஜாக்கெட் போய் உட்கார்ந்தது. பஸ்ஸே சிரித்தது. மனுஷன் கோபப்படவில்லை. விசிலை வாயில் கவ்விக்கொண்டு படியேறி வந்தார். என் கடைக்கு வந்த முதல் ஆம்பிளை அவர்தான். ஜாக்கெட்டைத் தலையிலிருந்து எடுக்காமலே நின்று சொன்னார்: "அக்கா, இது டிக்கெட் வாங்காம ஏறிடுச்சு. நீங்களே எறக்கிக்கங்க."

சுடச்சுட

தீபாவளிக்கு முந்தின வாரம் கீழே ஐஸ்கிரீம் கடை திறந்தார்கள். அடேயப்பா, அந்த நாளை என்ன சொல்ல! வாழைமரம், சீரியல் லைட், மைக் செட். அதுவரை குச்சி ஐஸ் மட்டுமே பார்த்த ஊர். முதல் நாள் வருகிறவர்களுக்கெல்லாம் அரைக் கிண்ணம் இலவசம். நானும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடினேன். மரக்கரண்டியில் எடுத்து வாயில் வைத்தபோது, இப்படி ஒரு கடை கீழே இருக்கிற காம்ப்ளக்ஸில் எனக்கும் ஒரு கடை இருக்கிறதே என்று சிரிப்பு தானாக வந்தது. மேலே வந்ததும் கவலையும் வந்துவிட்டது. கூட்டம் முழுக்கக் கீழேயே நிற்கிறதே, ஒருத்தரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லையே!

ஏரியூரிலிருந்து ஜாக்கெட் வாங்க வந்த ஒரு ஆயா மட்டும் கிண்ணத்தோடு மேலே வந்தார். பட்டுத்துணி மேல் சொட்டிவிடப் போகிறதே என்று நான் துணியை அள்ளிக்கொண்டு நின்றேன். அவர் ஒரு கரண்டி தின்றார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டார், மறுபடி ஒரு கரண்டி தின்றார். கீழே வைக்கவும் மனசில்லை. கடைசியில் ரகசியம் போல் கேட்டார்: "ருசியாத்தான் இருக்குது. பல்லுக்குத்தான் ஆகல. இதையே கொஞ்சம் சுட வெச்சுத் தருவாங்களா?"

சேலத்துக்காரர்

கார்த்திகையில் சேலத்திலிருந்து ஒரு இளவட்டம் மேலே வந்து பக்கத்து அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மனசுக்குள் தோத்திரம் சொன்னேன். மாடிக்கு இரண்டாவது கடை! என்ன கடை தம்பி என்று கேட்டேன். ரெடிமேட் துணிக்கடை என்றார்.

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தைத்துத் தொங்கவிட்டிருப்பதை மாட்டிக்கொண்டு போகிற காலம் வந்தால் என்னிடம் யார் அளவு கொடுப்பார்கள்? அவர் வராவிட்டாலோ புளி மூட்டை வரும். அன்று வீட்டில் சோறு பரிமாறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்: "ஏ மேரி, ஒண்ணு மட்டும் சொல்லிடு. அந்தப் பையன் வர்றான்னு அழுவறயா, வரலைன்னு அழுவறயா?"

அங்கி

பையன் வந்தார். அவர் கடையில் நைட்டி என்று ஒரு உடுப்பு தொங்கியது. நம் பக்கத்துக்குப் புதுசு. எங்கள் மாதா கோயில் தெரு ஸ்டெல்லாதான் துணிச்சலாக முதலில் வாங்கினாள். மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். தோள் இறங்குகிறது, உடம்பில் இரண்டு பேர் நுழையலாம், நீளமோ தரையைக் கூட்டுகிறது. ரெடிமேட் என்று சொல்லி விற்கிற எதுவும் நம் பெண்களின் உடம்புக்கு ரெடியாக இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. பிடித்துத் தைப்பது, மடித்துத் தைப்பது என்று அந்தக் கடையிலிருந்தே எனக்கு வேலை வந்தது. அந்தப் பையனே என் கடைக்குக் கை காட்டி அனுப்பினார்.

அளவு பார்க்க ஸ்டெல்லாவை நைட்டியோடு நிற்கவைத்தேன். கூட வந்த மாமியார் அவளை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். நிலம் தொடுகிற வெள்ளைத் துணி, முழுக்கை, கழுத்துவரை பொத்தான். அவர் தாடையில் கையை வைத்துக்கொண்டார்: "ஏண்டி, இதை மாட்டிக்கிட்டு நீ வூட்டுல சோறு ஆக்கப்போறயா, கோயில்ல பூசை வெக்கப்போறயா?"

மரியாதையான மனுஷர்

பொங்கல் முடிந்தது. மேலே இன்னும் இரண்டு அறை காலி. அதே வாரத்தில் புளி மண்டிக்காரர் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து மாடியை அளந்தார். கெட்டவராக இருந்தால் திட்டியாவது ஆறுதல் பட்டிருக்கலாம். அவரோ அம்மா, அம்மா என்று வாய்நிறையக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னால்கூட உட்காரவில்லை. என் வாசல்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர், நான் விசும்புவதைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே ஆறுதல் சொன்னார்: "மனசு வுடாதீங்கம்மா. நீங்க வேணும்னா இருந்துக்கங்க, மூட்டைக்கு நடுவால உங்களுக்கு ஒரு வழி வுடச் சொல்றேன்."

மேலே என்ன விசேஷம்

கீழே கடைசி அறைகளில் ஒரு டிபன் ஓட்டல் வந்திருந்தது. கர்நாடகப் பக்கத்துக்காரர் நடத்தினார். நாங்கள் சாமி என்று கூப்பிடுவோம், பேச்சில் கன்னடம் கலந்து வரும், கடவுளைக்கூடத் தேவரே என்றுதான் கூப்பிடுவார். நெய் ரோஸ்ட் வாசம் தைத்துக்கொண்டிருக்கிறவளைப் படியிறக்கிக் கூட்டிப்போகும். ஆனால் உள்ளே முழுக்க ஆம்பிளைகள். பெண்கள் பொட்டலம் வாங்கிப் பஸ் மறைவில் நின்று தின்பார்கள். மேலே இரண்டு அறையை எடுத்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட ஃபேமிலி ரூம் போடுங்கள் சாமி என்று நான் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். தோசைக்காக யாரம்மா மாடி ஏறுவார்கள் என்று கையை விரித்துவிடுவார்.

மாசி பிறக்க இரண்டொரு நாள் இருக்கும்போது தொப்பூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் லாரியில் வந்து இறங்கினார்கள். ஜவுளி எடுத்த கையோடு பெண்ணின் அத்தை, சித்தி, பெரியம்மா, அவர்கள் மகள்கள் எல்லோரும் ஜாக்கெட் அளவு கொடுக்க மேலே வந்துவிட்டார்கள். மாடி கொள்ளவில்லை. ரெடிமேட் பையன் தன் கடை ஸ்டூலை எல்லாம் கொண்டுவந்து போட்டார். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே அதைத் தேடினேன், அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு பதற்றம். அப்போது கீழே சாமியின் குரல் அலறியது: "ஐயோ தேவரே! ஏனம்மா, மேலே யார் போயிட்டாங்க?" எட்டிப் பார்த்தால், படிக்குக் கீழே செருப்புக் குவியல் பஸ் ஸ்டாண்டு ஓரம்வரை போயிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சாவு வீடு என்று நினைத்துத் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

பெண்ணின் அத்தை எனக்கு முன்னால் கத்தினார், சாவும் இல்லை ஒன்றும் இல்லை, கல்யாணம், பேசாமல் எல்லோருக்கும் காப்பி அனுப்பு என்று. சாமியே தூக்குவாளியோடு வந்தார். காப்பியோடு முடியவில்லை. போண்டா கேட்டார்கள், பிறகு தோசை கேட்டார்கள். இலையை மடியில் வைத்துக்கொண்டு, கூச்சமில்லாமல், சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு தின்றார்கள். சாமி வாளியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். சாயங்காலமே முதலாளியைப் பார்த்து இரண்டு அறைக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "செருப்பு கீழே இருக்குன்னா வயிறு மேலே இருக்கு, அவ்வளவுதானே அம்மா!"

பார்சல்

ஃபேமிலி ரூம் திறந்த அன்று மாடியில் நடக்க இடமில்லை. ஜன்னலுக்குப் பச்சைத் திரை, மேஜைக்கு மேஜை எவர்சில்வர் டம்ளர். புளி மண்டிக்காரர்கூடச் சம்சாரத்தோடு வந்து கேசரி சாப்பிட்டார். என்னைப் பார்த்து வழக்கம்போல் மரியாதையாகக் கும்பிட்டார். வேறு குடோன் கிடைத்துவிட்டதாம். சாப்பிட்டுக் கை கழுவ வந்த பெண்கள் அப்படியே என் கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். பாதிப்பேர் அளவு கொடுத்தார்கள், மீதிப்பேர் விலை கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் நல்லம்பள்ளிச் சின்னப்பொண்ணும் இருந்தார். வெறுங்காலோடு, மடியில் ஒரு மஞ்சப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் மசால் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பரிமாறுகிறவர் பையைப் பார்த்துவிட்டு, பார்சல் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, இன்னும் ஏதாவது கட்டவேண்டுமா என்று குனிந்து கேட்டார். சின்னப்பொண்ணு பையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: "பார்சல் இல்லீங்க, செருப்பு."

புளி மூட்டைக்குத் தப்பித்துவிட்ட என் கடையில் இப்போது நாளெல்லாம் சாம்பார் வாசம் வருகிறது, தைத்த ஜாக்கெட்டெல்லாம் அந்த வாசத்தோடு கல்யாணத்துக்குப் போகிறதே என்பதுதான் இன்றைக்கு என் கவலை.