ஏணி குட்டையாகவில்லை

வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் அவரை எல்லோரும் நெட்டையர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏணியின் நான்காம் படியில் ஏறினால் போதும், கூரை மூலைக்குப் பிரஷ் தானாகப் போய்விடும். அன்று நான்கு விரற்கடை எட்டவில்லை.

"டேய் மச்சான், என் ஏணியை அறுத்துட்டியா?" என்று கீழே பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்த மனைவியின் தம்பியிடம் கத்தினார்.

"ஆமா மாமா, அறுத்து அடுப்புல வெச்சேன். அலுமினியம் நல்லா எரிஞ்சுது!"

அளந்தும் காட்டினான். ஏணி ஏணியாகத்தான் இருந்தது.

இரண்டு வருடமாக அவருக்கு முதுகும் காலும் குடைச்சல். வேலை அலுப்பு என்று விட்டுவிட்டார். அந்த வாரமே, பாதி பெயிண்ட் இருந்த வாளியைத் தூக்கியவருக்கு முன்கை எலும்பு முறிந்தது. எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் ஓட்டை. புற்றுநோய் பரவியிருக்கலாம் என்றார் எலும்பு மருத்துவர். மனைவி சாமியைக் கும்பிட்டாள். கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது.

"அக்காவைப் பார்த்துக்கடா," என்றார் மச்சானிடம்.

"அவதான் மாமா என்னைப் பார்த்துக்கிறா. நீங்க சும்மா இருங்க."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்த டாக்டரம்மா கேட்டார்: "அடிக்கடி தாகம் எடுக்குதா? கிட்னில கல் வந்திருக்கா?" கடவுள்தான் அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்திருக்க வேண்டும்.

"கல் ரெண்டு தடவை வந்துச்சு. தண்ணி குடம் குடமா குடிக்கிறார்," என்றாள் மனைவி.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"எலும்பு டாக்டர்கிட்ட தாகத்தைப் பத்தி யாராவது சொல்வாங்களா டாக்டரம்மா?"

ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக இருந்தது. கழுத்துக்குள் ஒரு குட்டிச் சுரப்பி வீங்கி, எலும்பிலிருக்கும் கால்சியத்தை உருவி ரத்தத்தில் விட்டுக்கொண்டிருந்ததாம். "புற்றுநோயா இருக்காதுன்னு நினைக்கிறேன். எடுத்துப் பரிசோதிச்சிட்டு உறுதியா சொல்றேன்," என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷன் முடிந்தது. கால்சியம் சட்டென்று இறங்கியதில் உதடு மரமரத்தது, அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். ரிப்போர்ட் வரும்வரை நெட்டையருக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் டாக்டரம்மா தாளோடு வந்தார்.

"சாதாரணக் கட்டிதான் ஐயா. புற்றுநோய் இல்லை. எலும்பு மெதுவா தேறிடும். முதுகெலும்பு அமுங்கிக் குறைஞ்ச உயரம் மட்டும் திரும்பாது."

"போனா போகட்டும் தாயி!"

மனைவி வெளியே ஓடி, முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். இத்தனை நாளில் அதுதான் முதல் அழுகை. டீ வாங்கி வந்த மச்சான் அவளிடம் ஓடினான்.

"அக்கா... மாமாவுக்கு என்ன ஆச்சு?"

உள்ளேயிருந்து கட்டுப்போட்ட தொண்டையால் நெட்டையர் கரகரத்தார்: "ஒண்ணும் ஆகலடா! அழட்டும், விடு. நல்ல அழுகைதான். அந்த டீயை முதல்ல இங்க கொண்டா!"