பெட்ரோல் போடுபவர்கள்

நாகூரைத் தாண்டியதும் காரைக்கால் எல்லை. வரி குறைவு என்பதால் இந்தப் பக்கம் பெட்ரோல் மலிவு. எல்லையோர பங்கில் வரிசையாக நிற்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கார்கள். அவற்றில் என்னுடையதும் ஒன்று.

எனக்கு முன்னால் வீடளவுக்கு ஒரு கார். டேங்க் நிரம்பிவிட்டது. கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "நல்லா ஆட்டும்மா, இன்னும் கொஞ்சம் இறங்கும்" என்கிறார். நீலச் சட்டை போட்ட பங்க் ஊழியப் பெண் இரண்டு கையாலும் காரைப் பிடித்து ஆட்டுகிறார். உள்ளே கார்க்காரர் தொட்டிலில் கிடப்பதைப் போல சுகமாக ஆடுகிறார். என் முறை வந்ததும் நானும் வெட்கமில்லாமல் ஆட்டச் சொல்கிறேன்.

டயருக்குக் காற்றடிக்க ஓரமாகப் போனால், அங்கே அதே பெண். வேலை நேரம் முடிந்து நெரவியிலுள்ள வீட்டுக்குக் கிளம்புகிறவர், காற்று மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று தன் சைக்கிளுக்குக் கைப்பம்பால் காற்றடிக்கிறார்.

"மெஷின் இருக்கே, ஏங்க கஷ்டப்படுறீங்க?"

பலகையைக் காட்டுகிறார்: 'பெட்ரோல் போடுபவர்களுக்கு மட்டும் காற்று இலவசம்.'

"காலையிலேர்ந்து நீங்கதானே போடுறீங்க?"

சிரிக்கிறார். "நானும் ஓனர்கிட்ட அதத்தான் சார் கேட்டேன். நீ போடுறது அடுத்தவங்க வண்டிக்குத்தானேன்னுட்டாரு."

சொல்லிக்கொண்டே மெஷின் குழாயை எடுத்து என் கார் டயரில் மாட்டிவிடுகிறார்.