அன்ரனெற் அழைத்த கூட்டம்

ஐரோப்பியர்கள் அமெரிக்கன் புட்போல் பார்ப்பார்களா? ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன. பார்க்கமாட்டார்கள் என்றார் சீமோன். பார்ப்பார்கள் என்றான் மகன் யூட்சன்.

சீமோன் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கனடா வருமுன் ஜேர்மனியின் றூர் பகுதியில் அகதியாக இருந்து, சனிக்கிழமைகளில் அங்குள்ள உதைபந்து மைதானங்களில் தொண்டை கிழியக் கத்தியவர். யூட்சன் வெக்ஸ்போர்ட்டில் பிறந்தவன். பதினான்கு வயதில் தலைக்கவசம் மாட்டினான். பந்தோடு வருபவனை மறித்து வீழ்த்துவது அணியில் அவன் வேலை. பல்கலைக்கழகம் முடித்த பிறகு கனடாவின் தொழில்முறை அணிகள் எதுவும் அவனை எடுக்கவில்லை. ஜேர்மனியில் ஒரு சின்ன நகரத்துக் கழகம் எடுத்தது. அங்கே உள்ளூர்ப் பையன்கள் வேலை முடித்து வந்து விளையாடுவார்கள். வட அமெரிக்காவிலிருந்து இரண்டு மூன்று பேரை இறக்குவார்கள். வந்தவனுக்கு ஓர் அறை, ஒரு சைக்கிள், கைச்செலவு.

"உவங்கள் பாக்கமாட்டாங்களடா," என்பார் சீமோன், ஃபோன் திரையில் மகனின் முகத்தைப் பார்த்து. "நிக்காம ஓடுறதைப் பாத்து வளர்ந்தவன். நாலு செக்கன் ஓடிப்போட்டு நாப்பது செக்கன் கூடி நிண்டு கதைக்கிறதை ஏன் பாப்பான்? உது விளையாட்டே? கோயில் கமிற்றி மீற்றிங்."

"அமெரிக்காவில இருந்து ரீம் வந்தா இங்க ஸ்ரேடியம் ஃபுல், அப்பா. ரிக்கற் கிடையாது."

"அது திருவிழா. வருசத்தில ஒருக்கா வந்து கொடி பாத்துட்டுப் போவான். உன்ர மட்சுக்கு எத்தினை பேர்?"

யூட்சன் சிரித்துவிட்டான். "இருநூறு, முந்நூறு. அதில அரைவாசி விளையாடுறவையின்ர அம்மா, அப்பா."

வருகிறவர்களும் விசித்திரமானவர்கள் என்றான். ஒவ்வொருவரும் ஒவ்வோர் அமெரிக்க அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். சொந்த ஊர் அணியின் சட்டை யாரிடமும் இல்லை. அவர்களுக்கு விளையாட்டுப் பிடித்திருந்தது, விளையாடுகிறவனைத்தான் தெரியவில்லை.

பின்னால் சோறு வடித்துக்கொண்டிருந்த தாய் அன்ரனெற் அப்போதுதான் பேச்சுக்குள் வந்தார்.

"ஆர் அவைக்குச் சொன்னது?"

"என்னத்தை?"

"மட்சுக்கு வாங்கோ எண்டு. ஒருத்தரும் சொல்லாம ஆர் வருவினம்?"

தகப்பனும் மகனும் சேர்ந்து சிரித்தார்கள். அன்ரனெற் சிரிக்கவில்லை.

அன்ரனெற் மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற ஒரு கூடத்தில் வேலை செய்கிறவர். ஊர்காவற்றுறையில் பிறந்தவர். அவர்களுடைய சொந்தம் ரொறன்ரோவில் பாதி, ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே என்று மீதி. எந்த வீட்டில் கலியாணம், பிள்ளையின் முதல் நன்மைப் பூசை, அறுபதாம் பிறந்தநாள் என்றாலும் ரெலிபோன் எடுத்துச் சொல்கிற வேலை அன்ரனெற்றிடம்தான் வரும். வாட்ஸ்அப்பில் கார்ட் அனுப்பினால் அது அழைப்பு இல்லை. வாயால் சொல்ல வேண்டும். மூத்தவரிலிருந்து தொடங்க வேண்டும். சொல்லாமல் விடப்பட்டவர் வருடக்கணக்கில் முகம் பார்க்கமாட்டார். சொல்லப்பட்டவர் வர வேண்டும். முடியாவிட்டால் அவரும் வாயால் காரணம் சொல்ல வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு. அழைத்தவர் வீட்டுப் பிள்ளை வாசலில் நிற்க வேண்டும். ஆட்களை அழைத்துவிட்டு வாசலில் நிற்காத வீடு என்று ஒருமுறை பெயர் வந்தால், அது போகாது.

ஜூலையில் யூட்சன் ஒரு செய்தி சொன்னான். கழகத்துக்குப் பணம் போட ஒரு கம்பனி யோசிக்கிறது. ஆகஸ்டில் ஒரு மட்சைப் பார்க்க அவர்களுடைய ஆட்கள் வருகிறார்கள். சனம் இருந்து பார்க்கும் படிகள் காலியாக இருந்தால் அடுத்த வருடம் வெளிநாட்டு விளையாட்டுக்காரர் இல்லை.

"அப்ப நீ?"

"வீட்ட வரவேண்டியதுதான். வேற ஒண்டும் இல்லை, அம்மா."

அந்த 'வேற ஒண்டும் இல்லை' அன்ரனெற்றுக்குப் பிடிக்கவில்லை. திகதியைக் கேட்டார். கெவலாரில் தமிழர்களுக்கான மாதா திருநாளுக்கு அடுத்த நாள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள், கிறிஸ்தவரும் சைவக்காரருமாக, அந்தச் சின்ன ஜேர்மன் ஊரில் கூடுகிறார்கள். சொந்தம் முழுக்க எப்படியும் அங்கே நிற்கும். அங்கிருந்து மைதானம் ஒரு மணி நேரக் கார் ஓட்டம்.

"அன்ரனெற், உது கலியாணமே?" என்றார் சீமோன்.

"கலியாணத்துக்குத்தான் வருவினமோ? பிள்ளையின்ர காரியம்."

ஃபோனை எடுத்தார். மூத்தவரிலிருந்து தொடங்கினார்.

"அண்ணை, நான் அன்ரனெற் கதைக்கிறன். எங்கட யூட்சனுக்கு மட்ச். நீங்கள் வந்து முன்னுக்கு நிக்கோணும்."

"உதைபந்தோ, பிள்ளை?"

"அது மாதிரித்தான் அண்ணை. இது கையால."

"கையாலயோ? சரி, சரி. நீ சொல்லிப்போட்டாய். வாறம்."

யாரும் மறுக்கவில்லை. ஜேர்மனியில் இருக்கும் தம்பி வின்சன்ற் ஒரு பஸ் பிடித்தான். பாரிசிலிருந்து வருகிறவர்கள் இன்னொன்று பிடித்தார்கள். சாப்பிட றோல்ஸ் யார் செய்வது, பற்றிஸ் யார் செய்வது என்று பிரித்துக்கொண்டார்கள். கழக நிர்வாகி யூட்சனைக் கட்டிப்பிடித்தாராம்.

திருநாள் சனிக்கிழமை, ரொறன்ரோவில் காலை. அன்ரனெற் வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது யூட்சன் எடுத்தான்.

"அம்மா, தலை ஒரு மாதிரிக் கிடக்கு."

"தலையிடியோ?"

"பிறக்ரிஸில ஒருத்தனோட மோதினனான். அதில இருந்து. லைற்றைப் பாக்க ஏலாமக் கிடக்கு. நேற்று றூமுக்குப் போற வழி டக்கெண்டு மறந்துபோச்சு."

"டொக்டரிட்டச் சொன்னியோ?"

"இன்னும் இல்லை. சொன்னா நாளைக்கு விளையாட விடாம இருத்திப்போடுவினம். அதுதான் உங்களிட்டக் கேக்கிறன்."

கெவலாரில் அப்போது பூசை முடிந்து, சொந்தக்காரர் புல்வெளியில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சற்று முன்தான் வின்சன்ற் படம் அனுப்பியிருந்தான். நோர்வேயிலிருந்து முழங்கால் ஏலாத பெரியண்ணை வந்திருந்தார்.

"ஆக்கள் வந்திட்டினம், ராசா," என்றார். "இவ்வளவு பேரையும் கூப்பிட்டுப்போட்டு நீ இல்லையெண்டா நான் எந்த முகத்தோட அவையோட கதைக்கிறது? ஒரு பனடோலைப் போட்டுட்டு உடுப்பைப் போட்டு நில். கொஞ்ச நேரம் விளையாடிப்போட்டு இரு. திங்கக்கிழமை டொக்டரிட்டப் போ."

"ஓம், அம்மா," என்றான் யூட்சன்.

ஞாயிறு காலை அன்ரனெற் பூசைக்குப் போகவில்லை. சீமோனும் மகள் ஷரோனும் பக்கத்தில் இருக்க, கழகத்தின் நேரலையை ரிவியில் போட்டார். ஒரே ஒரு கமரா. ஆனால் படிகள் தெரிந்தன. ஒரு பக்கம் முழுக்கத் தமிழர். சேலைகள், குடைகள், ஐஸ் பெட்டிகள். ஜேர்மன்காரர் எழும்பி எழும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கம்பனி ஆட்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

வின்சன்ற் படியிலிருந்து ஃபோனில் படம் பிடித்து அனுப்பிக்கொண்டே இருந்தான். அதில் சத்தம் கேட்டது.

"எப்ப தொடங்கும்?"

"தொடங்கியாச்சு, அண்ணை."

"பிறகேன் நிக்கிறாங்கள்?"

"பிளான் போடுறாங்கள்."

"வீட்ட இருந்து போட்டுக்கொண்டு வாறேல்லையோ?"

சிரிப்பு. யூட்சன் எங்கே நின்றாலும் கைதட்டினார்கள். பந்து எந்தப் பக்கம் போனாலும் கைதட்டினார்கள். இடைவேளைக்குள் பக்கத்தில் இருந்த ஜேர்மன்காரருக்கும் அவன் பெயர் தெரிந்துவிட்டது. மைதானம் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தியது.

"உவங்களும் கத்துறாங்கள்," என்றார் சீமோன், நம்பமுடியாமல்.

கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு அவன் ஓரமாகப் போய் இருக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகும் இறங்கினான். தமிழர் இருந்த பக்கத்துக் கோட்டோரம், பந்தோடு வந்தவனை நேருக்கு நேர் மறித்தான். இருவரும் விழுந்தார்கள். யூட்சன் எழுந்தான். எழுந்து, எதிரணி ஆட்கள் உட்கார்ந்திருக்கும் வாங்கை நோக்கி நடந்தான்.

படியில் பெரிய சிரிப்பு எழுந்தது. "டேய் யூட்சன், கட்சி மாறிட்டியோ?" என்று ஒரு குரல். பகிடி விடுகிறான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவன் வாங்கில் இருக்கப் பார்த்தான். எதிரணிப் பையன் ஒருவன் அவன் தோளைப் பிடித்து முகத்தைப் பார்த்துவிட்டு, கையை உயர்த்தி ஆட்களைக் கூப்பிட்டான். அதற்குள் யூட்சன் வாந்தி எடுத்து, முழங்கால் மடங்கி விழுந்தான். கைதட்டு உடனே நிற்கவில்லை. பின்வரிசைகளுக்கு விஷயம் போய்ச்சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் இரத்தம் கசிந்திருந்தது. அன்றைக்கே மண்டையோட்டைத் திறந்தார்கள். அன்ரனெற் ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் கண் திறக்கவில்லை. ஹொஸ்பிற்றலின் நடைபாதையில் சொந்தக்காரர் நிறைந்திருந்தார்கள். யாரும் அவர்களை வரச் சொல்லவில்லை. அழைப்பில்லாமல் போகிற செத்த வீட்டுக்குப்போல வந்திருந்தார்கள். "நீ கூப்பிட்டு வந்து இதைப் பாக்கவேண்டியதாப் போச்சே, பிள்ளை," என்று பெரியண்ணை அழுதார். அவர் குறையாகச் சொல்லவில்லை.

யூட்சன் உயிரோடு திரும்பினான். இப்போது வெக்ஸ்போர்ட் வீட்டில், கனத்த திரை போட்ட அறையில் இருக்கிறான். வலக்கை சரியாகப் பிடிக்காது. சொல் வரத் தாமதிக்கும். ரிவி பார்த்தால் தலை வெடிக்கும் என்பதால் வீட்டில் ரிவி போடுவதில்லை. சீமோன் உதைபந்துக் கதையையும் விட்டுவிட்டார். அந்த ஆகஸ்டில் இரண்டு கிழமை அவன் நினைவிலிருந்து முழுதாகப் போய்விட்டது. மட்சும் இல்லை, அதற்கு முந்திய நாளும் இல்லை.

இந்த வசந்தத்தில் ரொறன்ரோவில் நரம்பு டொக்டர் பழைய ஸ்கான்களைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார். மட்சுக்குச் சில நாள் முன்னரே ஓர் அடி பட்டிருக்க வேண்டும். அதை யாருக்காவது சொன்னாயா?

"ஞாபகம் இல்லை," என்றான் யூட்சன். ஒவ்வொரு சொல்லாக வந்தது. "சொல்லியிருக்கமாட்டன். சொல்லியிருந்தா அம்மா விட்டிருக்கமாட்டா."

அடிபட்ட பிறகு யூட்சனுக்கு வீட்டுத் தமிழ்தான் வாயில் வரும், டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அன்ரனெற்தான் மொழிபெயர்க்க வேண்டும். 'ஞாபகம் இல்லை' என்பதை மட்டும் மொழிபெயர்த்தார்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அன்ரனெற் யூட்சனுக்கு மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தபோது வின்சன்ற் எடுத்தான். கை பிசுக்காக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நீ ஒருக்கா மரியோவோட கதை," என்றான் வின்சன்ற். மரியோ அவனுடைய பதினாறு வயது மகன். அன்றைக்குப் படியில் இருந்தவன். "அந்தக் கழகத்திலயே சின்னாக்களின்ர ரீமில சேர்ந்திட்டான். யூட்சன்ர நம்பரைத்தான் போட்டிருக்கிறான். அண்டைக்கு வந்த எங்கட பெடியள் ஆறேழு பேர் சேர்ந்திட்டாங்கள். ஜேர்மன்காரரும் வருகினம், அக்கா. அத்தானிட்டச் சொல்லு, இப்ப படி காலி இல்லை. தங்கட ஊர்ப் பெடியன் இறங்கினாச் சனம் வரும்தானே."

"அப்ப என்ன பிரச்சினை?"

"நேற்று மோதிப்போட்டுத் தலையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவன். வாற சனிக்கிழமை மட்ச். டொக்டரிட்டப் போறன் எண்டுறான் இல்லை. ஒண்டும் இல்லையாம். நீ சொன்னாக் கேப்பான்."

மரியோ ஃபோனுக்கு வந்தான். "மாமி, சும்மா. அப்பா பயப்பிடுறார். அம்மாவிட்டச் சொன்னனான், படுத்து எழும்பினாச் சரியாம்."

அன்ரனெற் கோப்பையிலிருந்து கையை எடுத்தார். எதிரில் யூட்சன் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். சீமோன் கையை நீட்டி ஸ்பீக்கரை நிறுத்தப் போனார். அன்ரனெற் அவர் கையைத் தள்ளிவிட்டார்.

"மரியோ, கேள். அம்மாவிட்டச் சொன்னாக் காணாது. இண்டைக்கே டொக்டரிட்டப் போ. யூட்சன் மச்சானும் அம்மாவிட்டத்தான் சொன்னவன்."

யூட்சன் கரண்டியை வைத்தான். சொல்லைத் தேடினான்.

"எப்ப சொன்னனான்?"

"சனிக்கிழமை. கெவலார்த் திருநாளண்டு."

"நீங்கள்... என்ன சொன்னனீங்கள்?"

அன்ரனெற் சொன்னார். பனடோலில் தொடங்கவில்லை. ஆட்கள் வந்துவிட்டார்கள் என்பதிலிருந்து, எந்த முகத்தோடு கதைப்பது என்பதிலிருந்து, வரிசை மாறாமல், ஒரு சொல்லையும் விடாமல் சொன்னார். ஜேர்மனியில் மரியோவும் கேட்டுக்கொண்டிருந்தான்.