செத்தவீட்டு வைஃபை

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரணதரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. கூட்டத்தில் யாராவது பெயரைக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணவீட்டுக்குப் போனாலும் குசினிப் பக்கம் போய்த் தேங்காய் துருவிக்கொண்டிருக்கத்தான் எனக்கு விருப்பம். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

தெல்லிப்பழைப் பக்கம் வீடுகளுக்கு இன்ரநெற் கொடுக்கும் சின்னக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்களோடு போனில் கதைப்பதுதான் என் வேலை. முகம் தெரியாது என்பதால் அதில் எனக்குக் கூச்சம் இல்லை. முறைப்பாடு கேட்பேன், திருத்த ஆள் அனுப்புவேன். சில வருடங்களாக இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. யாராவது புதுப்படத்தைக் களவாக இறக்கினால், இறங்கும்போதே அந்தப் போன் அதே படத்தை வேறு ஆட்களுக்கும் பகிர்ந்துகொண்டிருக்கும். படம் எடுத்தவர்களின் ஆட்கள் அதைக் கண்டுபிடித்து, எங்களுக்கு லைன் தருகிற கொழும்புக் கம்பனிக்கு அறிவிப்பார்கள். அது எங்களிடம் வரும். வீட்டுக்காரருக்கு நான் சொல்லவேண்டும். இரண்டு தடவை எச்சரிக்கை. மூன்றாம் தடவை இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.

இது எங்கள் வேலையா என்று ஒப்பீஸில் அடிக்கடி கதை நடக்கும். "றோட்டுப் போட்டவனோ றோட்டாலை போறவன்ரை பையைத் திறந்து பாக்கிறது?" என்று வயர் இழுக்கிற தம்பிமார் கேட்பார்கள். எனக்கு அப்படியும் தோன்றும், இப்படியும் தோன்றும். அந்தப் படத்துக்காகவும் ஆட்கள் வெயிலில் நின்று வேலை செய்திருப்பார்கள்தானே. ஆனால் ஒருவரையும் கள்ளன் என்று நினைத்து நான் கதைப்பதில்லை. "வீட்டிலை எல்லாரும் சுகமோ?" என்று தொடங்குவேன். பெரும்பாலும் தாய்மார்தான் எடுப்பார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும், "டேய், இஞ்சை வா!" என்று அங்கே ஒரு சத்தம் கேட்கும். அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். நான் கதைத்த வீடுகளில் மூன்றாம் தடவை வரை போனது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு செத்தவீடு.

இறந்தவர் தோட்டம் செய்த பெரியவர். இணைப்பு அவருடைய பெயரில்தான் இருந்தது. இளைய மகள் கனடாவிலிருந்து வந்துசேரும் வரைக்கும் உடலைப் பதப்படுத்தி வைத்திருந்தார்கள். ஒரே மகன் பிரான்சில். அவருக்கு இன்னும் விசா சரிவரவில்லை. வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போகமுடியாது. போனில்தான் அவர் தகப்பனுடைய கிரியையைப் பார்க்கவேண்டும்.

அவர்களுடைய வீடு இருந்த குறுகிய ஒழுங்கைக்குள் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. துக்கம் விசாரிக்க வந்த எல்லோருக்கும் வெளிநாட்டில் யாராவது இருந்தார்கள். எல்லோரும் அவர்களுக்குப் பெரியவரின் முகத்தைக் காட்ட ஆசைப்பட்டார்கள். ஆகவே வீட்டுக்காரர் வைஃபை பாஸ்வேர்ட்டைப் பெரிய எழுத்தில் ஒரு மட்டையில் எழுதிப் பந்தல் காலில் கட்டிவிட்டார்கள். வெற்றிலைத் தட்டம் வைப்பதுபோல அதையும் வைத்தார்கள். எங்கள் ஊரில் இதைப் பிழை என்று யார் நினைப்பார்கள்?

முதல் அறிவித்தல் வந்தபோது என் வாட்ஸப் அழைப்பை எடுத்தவர் மூத்த மகளின் புருஷன்.

"அக்கா, செத்தவீட்டிலை ஆர் படம் பாக்கிறது? மாமா உயிரோடை இருக்கேக்கையே செய்தியைத் தவிர ஒண்டும் பாக்கேல்லை."

"பாஸ்வேர்ட்டை மாத்திப் பாருங்கோ தம்பி."

"மாத்தினா அதையும் எழுதித்தானே கட்டவேணும். வாற சனத்துக்கு இல்லையெண்டு சொல்லேலுமோ?"

இரண்டாம் தடவை அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்த மனிசனுக்கு எச்சரிக்கை குடுக்கிற கம்பனியை இப்பதான் காணுறன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மூன்றாவது, பிரேதம் எடுக்கிற அன்று காலையில் வந்தது. மத்தியானம் லைன் வெட்டுப்படும் என்றிருந்தது. அந்த நேரம்தான் கிரியை நடந்துகொண்டிருக்கும். முகாமையாளரோடு கதைத்தேன். என்னைவிட வயது குறைந்தவர், நல்ல பிள்ளை.

"தம்பி, இண்டைக்கு ஒருநாள் விடுங்கோ. மகன் பாக்கவேணும்."

"அக்கா, அங்கை படம் ஓடிக்கொண்டிருக்கேக்கை நான் என்னெண்டு மறிக்கிறது? கொழும்பிலை கேப்பினம். நிண்டிட்டுது எண்டு நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. உங்கடை பேரைச் சொல்லி நான் நாளை வரைக்கும் மறிச்சு வைக்கிறன்."

மருமகனுக்கு வாட்ஸப்பில் எடுத்தால் லைன் பிசி. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

பந்தல் நிறையச் சனம். மருமகன் பிரேதத்தின் தலைமாட்டில் நின்று போனைப் பிடித்திருந்தார். அதற்குள் மகன் தெரிந்தார். பிரான்சில் ஏதோ ஒரு சின்ன அறை. குளித்துவிட்டு, வெறும் மேலோடு வேட்டி கட்டி, முன்னால் ஒரு கோப்பையில் அரிசியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இங்கே எல்லோரும் வாய்க்கரிசி போடும்போது அவர் அங்கே போடுவதற்கு.

மருமகனின் காதுக்குள் விஷயத்தைச் சொன்னேன்.

"இவ்வளவு சனத்துக்குள்ளை ஆரைக் கேக்கிறது அக்கா?"

"மைக்கிலை ஒருக்காச் சொல்லுங்கோ."

"நான் இதை விட்டிட்டு வரேலாது. நீங்களே சொல்லுங்கோ."

அஞ்சலி உரைகளுக்காக மைக் கட்டியிருந்தார்கள். அதை நடத்தியவர் ஊர்ச் சங்கத்துக்காரர். பக்கத்தில் போய், "ஒரு விஷயம் சொல்லவேணும்" என்றேன். "உங்கடை பேர்?" என்று கேட்டார். "பேர் வேண்டாம், நான் இன்ரநெற் கம்பனி" என்றேன். அவர் உடனே மைக்கைப் பிடித்து, "அடுத்ததாக, இன்ரநெற் கம்பனி சார்பில் அஞ்சலி உரை" என்று அறிவித்துவிட்டார்.

திரும்பி ஓட வழியில்லை. மைக்குக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான் அஞ்சலி சொல்ல வரேல்லை. குறை நினைக்காதேங்கோ. இந்த வீட்டு வைஃபையிலை ஆரோ ஒராளின்ரை போனிலை புதுப்படம் ஒண்டு இறங்கிக்கொண்டிருக்கு. ஆரெண்டு நான் கேக்கேல்லை. தெரியாமலும் நடக்கும். அது நிக்காட்டி மத்தியானம் லைன் வெட்டுப்படும். பிரான்சிலை இருக்கிற மகன் அப்பாவின்ரை முகத்தைப் பாக்கமாட்டார். எல்லாரும் வைஃபையை ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

வெளியே அடித்துக்கொண்டிருந்த பறை நின்றது. பிறகு பந்தல் முழுவதும் கைகள் அசைந்தன. சட்டைப் பொக்கற், மடி, கைப்பை, எல்லாவற்றிலுமிருந்து போன் வெளியே வந்தது. "எடி, உன்ரையை முதல் பார்." "எனக்கு நிப்பாட்டத் தெரியாது, ஆரும் நிப்பாட்டித் தாங்கோ." ஒருவர்கூட என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. மருமகனும் கைப்பழக்கத்தில் தன்னுடையதை நிறுத்திவிட்டார். மகனின் முகம் மறைந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து மூத்த மகள், "ஐயோ, தம்பியின்ரை லைனை வெட்டாதேங்கோ!" என்று கத்தினார்.

இறந்தவரின் மச்சான் ஒருவர் வட்டுக்கோட்டையிலிருந்து வந்து செத்தவீடு தொடங்கியதிலிருந்து அங்கேயே தங்கியிருந்தார். அவர் மடியிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, இது விடியத்தொடக்கம் சுடுகுது. பேரன் என்னவோ போட்டுத் தந்தவன். உதுவோ நீர் சொல்லுறது?"

அதுதான். அவருடைய மனைவி பெண்கள் பக்கத்திலிருந்தே கேட்டார்: "செத்தவீட்டுக்கு வந்தும் உங்களுக்குப் படமோ?"

"நான் எங்கையப்பா பாத்தன்? அது தன்ரை பாட்டிலை ஓடுது!"

அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். நான் அதை நிறுத்தி, படத்தையும் அழித்து அவர் கையில் கொடுத்தேன். ஒழுங்கையால் வெளியே போய், சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று, ஒப்பீஸில் என்னோடு வேலை செய்யும் தங்கச்சிக்கு அழைத்துக் கேட்டேன். "அங்கையிருந்து படம் ஏறுறது நிண்டிட்டுது அக்கா" என்றாள். முகாமையாளரிடம், "நிண்டிட்டுது தம்பி, என்ரை பேரிலை சொல்லுறன்" என்றேன். நான் பந்தலுக்குத் திரும்பி வந்து சொன்னதும் மருமகன் திரும்ப லைன் எடுத்தார். "என்ன நடந்தது அத்தான்?" என்று மகன் கேட்டது எனக்கும் கேட்டது. "ஒண்டுமில்லை மச்சான், இருங்கோ."

மத்தியானம் கடந்தது. லைன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை. திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடித்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். மகனும் அங்கே தன்னுடைய கோப்பையிலிருந்து அள்ளிப் போட்டார். வைஃபை வாசல் படலை வரைக்கும்தான் எட்டும். அதனால் தூக்கினவர்கள் படலையில் வந்து நின்றார்கள், பாரத்தோடு. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. "கொண்டுபோங்கோ அத்தான்" என்று மகன் சொன்ன பிறகுதான் ஒழுங்கையில் கால் வைத்தார்கள்.

அதுவரைக்கும் பந்தலில் மருமகனைத் தவிர ஒருவரும் வைஃபையைத் திரும்பப் போடவில்லை. எல்லோருக்கும் வெளிநாட்டில் காட்ட ஆட்கள் இருந்தும் போடவில்லை. என் ஊர்ச் சனத்தை நினைத்து எனக்கு அன்று வந்த பெருமை இன்னும் இருக்கிறது. என்னை நினைத்தும் கொஞ்சம் வந்தது. அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள், சாம்பல் அள்ளுகிற காடாத்தை முடித்துக்கொண்டு மருமகன் ஒப்பீஸுக்கு வந்தார், இணைப்பைத் தன் மனைவியின் பெயருக்கு மாற்ற. மரணச் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை என்றார். அது கிடைத்த பிறகு வரச்சொன்னேன்.