இருபத்துநான்கு சிவப்புப் புள்ளிகள்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை எல்லாரும் எக்ஸ்சேஞ்ச் அண்ணன் என்பார்கள். பெரிய டாக்டர் முதல் துடைப்பம் பிடிக்கிறவர் வரை அதே பெயர்தான். பிறவியிலேயே பார்வை இல்லை. இருபத்திரண்டு வருஷமாக, வெளியிலிருந்து வரும் போனை எடுத்துக் கேட்ட வார்டுக்குத் தள்ளிவிடுவது அவர் வேலை. அதே அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிறவள் நான். எனக்கு வாய் நீளம். "உன் வாய்க்குப் பக்கத்துல என் காதைக் கொண்டாந்து வச்சுட்டாங்களே" என்று அலுத்துக்கொள்வார்.

கேட்டிலிருந்து எங்கள் அறைக்கு அறுபத்திரண்டு அடி. வழியில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் இடது பக்கம் திரும்புவார். ஒருநாள் அதைப் பழுதுபார்த்துவிட்டார்கள். மனுஷன் நேரே போய் எக்ஸ்ரே அறைக் கதவில் முட்டிக்கொண்டார். "ரிப்பேர் பண்ணா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பண்ணுங்கப்பா" என்றார். நாங்கள் சிரித்தோம்.

பழைய டெலிபோன் போர்டில் பொத்தான்கள் மேடாக இருக்கும். பேச்சை விடாமலே விரல் தானாகப் போய் அமுக்கும். அதைக் கழற்றிவிட்டுத் தொடுதிரை வைத்தார்கள். வழுவழுவென்று ஒரு கண்ணாடி. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று விரலுக்கு எப்படித் தெரியும்? தொட்டால் பேசும் என்றார்கள். பேசத்தான் செய்தது. எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் "பட்டன்" என்றது. சமையலறையும் பட்டன், பிரசவ வார்டும் பட்டன். இதைச் செய்த புண்ணியவான் கையில் கிடைத்திருந்தால் கண்ணைக் கட்டி அதன் முன்னால் உட்கார வைத்திருப்பேன்.

மேனேஜர் மூன்று மாதம் தவணை கொடுத்தார். "அதுக்குள்ள பழகிட்டா இந்த நாற்காலி உங்களுக்கு. இல்லைன்னா வேற ஆள் போட்டுக்கறேன், தப்பா நினைக்காதீங்க."

அண்ணன் அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. "இந்த நாற்காலி போச்சுன்னா நான் வெறும் குருடன்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மறுநாள் என் மகளின் நகப்பூச்சை எடுத்துவந்தேன். கட்டத்துக்கு ஒரு சொட்டு, காய்ந்ததும் மேலே இன்னொரு சொட்டு. திரையில் இருபத்துநான்கு புள்ளிகள் புடைத்து நின்றன. அண்ணன் தடவிப் பார்த்தார். "என்ன கலரு?"

"சிவப்பு."

"கல்யாண வயசுல வராத அலங்காரம்லாம் இப்ப வருது" என்றார். தடவித் தேடிப் புள்ளியில் இரண்டு தட்டு தட்டினால் லைன் போய்விடும். ஒரே மாதத்தில் பழைய வேகம் வந்துவிட்டது. திரை அதுபாட்டுக்கு "பட்டன் பட்டன்" என்று புலம்பிக்கொண்டிருக்கும்.

தவணை முடிய ஆறே நாள் இருந்தது. அன்று காலை திரை ஒருமுறை அணைந்து எரிந்ததைப் பார்த்தேன். ஸ்கேன் பிரிவு என்று புதிதாக ஒரு கட்டம் நடுவில் முளைத்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் ஓர் இடம் தள்ளிப்போயிருந்தது. என் புள்ளிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஜன்னலில் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். இவர்களை அனுப்பிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்தது நான்தான், வேறு யாருமில்லை.

அதற்குள் போன் வந்தது. முந்தின நாள் ஆபரேஷன் ஆனவரின் மனைவி. புருஷன் எப்படி இருக்கிறார் என்று கேட்க ஆண்கள் வார்டு வேண்டும் என்றாள். அண்ணன் புள்ளியைத் தேடி இரண்டு தட்டு தட்டினார். லைன் பிணவறைக்குப் போனது. அங்கே போனை எடுத்தவர் நோயாளியின் பேரைக் கேட்டார். பிறகு வழக்கம்போல, "கையெழுத்துப் போட வீட்டு ஆளு யாராவது வாங்கம்மா" என்றார்.

ஒரு மணி நேரத்தில் அவள் தலைவிரி கோலமாக வந்து நின்றாள். வார்டில் புருஷன் எழுந்து உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்து அழுதுவிட்டு, போனை மாற்றிப் போட்டவனை உண்டு இல்லை என்று பண்ணிவிட எங்கள் அறைக்கு வந்தாள். அண்ணன் எழுந்து நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் அப்படியே வடிந்துவிட்டது.

"ஐயோ, கண்ணு தெரியாதவரா... சரி, விடுங்க" என்று சொல்லிப் போய்விட்டாள்.

அண்ணன் வெகுநேரம் நின்றபடியே இருந்தார். "நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருக்கலாம்மா" என்றார். நான் அப்போதுதான் காலையிலேயே கட்டம் மாறியதைப் பார்த்ததையும் பதினோரு பேர் வரிசையையும் சொன்னேன். "உனக்கும் வேலை இருக்குல்ல" என்றார். அதுவும் மன்னிப்புதான். எனக்கும் அது தாங்கவில்லை.

மேனேஜர் கத்தவில்லை. அண்ணனுக்குச் சம்பளம் அப்படியே வரும், வெளியே பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றார். அண்ணன் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். எழுத்து மறைகிறது, இந்தச் சிவப்பைச் சுத்தம் பண்ணித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டாள். போட்டவள் நான்தானே.

நகப்பூச்சு எடுக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நெடி அறையைத் தாண்டி வராந்தாவுக்குப் போனது.

"என்ன, அழிக்கிறியா?" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

நான் அடுத்த புள்ளியில் பஞ்சை வைத்தேன்.

"மிச்சம் வைக்காம எடுத்துடும்மா. புதுசா வந்த பொண்ணுக்கு விரல்ல தட்டும்."